யுகுலேலே: உங்கள் கை, உங்கள் தாளம்

(நம் சங்கத்தின் குடும்ப மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் யுகுலேலே இருக்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்தது, பெரியவர்கள் ஆசைப்பட்டு வாங்கியது என்று பல. ஆனால் பாதி வீடுகளில் அது இரண்டே மாதத்தில் பீரோ மேலே ஏறிவிடுகிறது. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "கார்டு பிடிக்க வருது சார். ஸ்ட்ரம்மிங்தான் பாட்டோட ஒட்ட மாட்டேங்குது." இன்று அதை மட்டும் பேசுவோம்.

முதலில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1879-இல் போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலேறி, கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் கூடவே எடுத்துச் சென்ற சின்ன கிட்டாரிலிருந்து பிறந்தது இது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்களின் வாத்தியம். சிப்காட் வேலையை நம்பி எங்கெங்கிருந்தோ கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்து குடியேறிய நமக்கு அது அந்நியம் இல்லை.

நான்கு தந்திகள்: ஜி, சி, ஈ, ஏ. பாட்டு கற்றவர்களுக்குச் சொல்வதானால், ஒரு கட்டை சுருதியில் ப, ஸ, க, த. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே இருக்கும் முதல் தந்தி, கிட்டாரில் போல தடித்த குரல் கொண்டதல்ல. அடுத்த தந்தியைவிட உயர்ந்த சுருதியில் நிற்கிறது. அதனால் தாளத்தைத் தாங்க அடிக்குரல் கிடையாது. எந்தத் தட்டு பலமாக விழுகிறது, எது லேசாக விழுகிறது என்பதுதான் இங்கே தாளம். உங்கள் பாணி பிறக்கும் இடமும் அதுவே.

எங்கே ஆரம்பிப்பது? கையை நிறுத்தாமல் இருப்பதில். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கை கீழே போகட்டும், இடையில் மேலே வரட்டும். தந்தியில் பட்டாலும் படாவிட்டாலும் கை ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லா வீடியோவிலும் சொல்லித் தரும் "கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்" என்பது தனி வித்தை ஒன்றும் இல்லை. எட்டு அசைவில் இரண்டைத் தந்தியில் படாமல் விட்டால் அது வந்துவிடும். எதை விடுகிறீர்கள் என்பதுதான் ஸ்ட்ரம்மிங். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும். முழங்கையிலிருந்து வந்தால் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும்.

அடுத்தது, நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம். அந்த வீடியோக்களில் வரும் தட்டுகள் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைக்கானவை. நம் தெம்மாங்கும், பல தாலாட்டும், எத்தனையோ சினிமாப் பாட்டும் திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்றாக நடப்பவை. தகதிமியில் பழகிய கையை தகிடவில் ஓடும் பாட்டின் மேல் வைத்தால் எப்படி ஒட்டும்? குறை உங்கள் கையில் இல்லை.

ஆகவே முதலில் வாயால் சொல்லுங்கள். வாயில் வராதது கையில் வராது. "தகிட, தகிட" என்று சொல்லிக்கொண்டே கீழ்-மேல்-கீழ், மறுபடியும் கீழ்-மேல்-கீழ் என்று வாசியுங்கள். ஒவ்வொரு 'த'வும் கீழ்த்தட்டில் பலமாக விழும். அது படிந்த பிறகு "தகிட தகிட தக". மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு. இம்முறை கீழ்-மேல் என்று மாறி மாறி ஓடட்டும். 'த' வருமிடத்தில் மட்டும் அழுத்துங்கள். நடுவில் வரும் 'த' மேல்தட்டில் விழும். அது வசப்பட்ட நாளில் உங்கள் கை புதிதாக ஒன்றைப் பேசும்.

"கற்றுக்கொள்ளும்போதே சொந்த பாணி எதற்கு? முதலில் ஒழுங்காகப் படிக்கட்டுமே" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாணி என்பது கடைசியில் மேலே பூசும் வர்ணம் அல்ல. நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். கட்டைவிரல் சதையால் தடவினால் மெத்தென்று கேட்கும். இரண்டையும் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்த நிமிடமே பாணி தொடங்கிவிட்டது. ஹவாயின் இஸ்ரேல் காமகவிவோஓலே பெரிய உடம்புக்காரர். அவர் கையில் இந்தக் குட்டி வாத்தியம் தாலாட்டுப் போல ஒலிக்கும். அதே ஹவாயின் ஜேக் ஷிமாபுகுரோ வாசித்தால் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். இருவருக்கும் அதே நான்கு தந்திதான்.

நம் பக்கத்து உதாரணம் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ். மாண்டலினில் தந்திகள் இரட்டை இரட்டையாக, மொத்தம் எட்டு இருக்கும். அவர் மின்சார மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டார். நம் கமகம் அதில் பேச வேண்டும் என்பதே நோக்கம். 2014-இல், 45 வயதில் மறைந்த அந்தக் கலைஞர், வெளிநாட்டுக் கருவியை நம் மேடையின் கருவியாக்கிவிட்டுப் போனார். அந்த உயரம் நமக்கு வேண்டாம். கருவிக்காக நம் பாட்டை வளைக்காமல், பாட்டுக்காகக் கருவியைப் பழக்கிய அந்த மனசு போதும்.

கடைசியாக, அடுக்குமாடிக் குடும்பத்தாராக ஒரு வேண்டுகோள். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குபவர்கள் நம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் தூக்கம் நம் பயிற்சியைவிடப் பெரியது. தந்திகளுக்கு அடியில், பிரிட்ஜ் பக்கமாக, ஒரு சின்னத் துணியை மடித்துச் செருகுங்கள். ஓசை அடங்கிவிடும், தட்டு மட்டும் கேட்கும். சொன்னால் வியப்பீர்கள், அழுத்தம் எங்கே தவறுகிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். வாத்தியமே இல்லாமல் தொடையில் தட்டியும் பழகலாம்; புறநகர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். உங்கள் அம்மா பாடிய ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வீடியோ தேடாதீர்கள். வாயால் ஜதி சொல்லி, நீங்களே ஒரு தட்டு கண்டுபிடியுங்கள். அடுத்த குடும்ப மாலைக்கு வரும்போது அதை வாசித்துக் காட்டுங்கள். பீரோ மேலே இருப்பதை இன்றிரவே இறக்கி, சுருதி சேர்த்து வைத்துவிடுங்கள்.