எல்லிஸ் பாலம்: ஒரு மறுகட்டுமானத்தின் கணக்கு



ஆமதாபாத் நகரின் ஊடே ஓடும் சபர்மதி, முன்னாளில் கோடையில் மணற்பரப்பாய்க் கிடக்கும். மழைக்காலத்திலோ கரைகொள்ளாது பெருகும். 1870-71-ல் அதன்மீது கட்டப்பெற்ற மரப்பாலத்தை 1875-ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. அதனிடத்தில் 1892-ல் எழுந்ததே, ஆணையர் எல்லிஸின் பெயர் தாங்கிய இரும்புப் பாலம். கட்டியவர் ஹிம்மத்லால் தீரஜ்ராம் பச்சேச் என்னும் இந்தியப் பொறியாளர்.

ஒதுக்கீடு ரூ. 5,00,000, செலவானது ரூ. 4,07,000. மிச்சம் கண்டு மகிழவேண்டிய அரசு ஐயுற்றது. தரங்குறைந்த பொருளைப் பயன்படுத்திவிட்டார் என்று கருதி, விசாரணைக் குழு அமைத்தது. (செலவைக் கூட்டியவரைவிடக் குறைத்தவர் விளக்கம் சொல்ல நேர்வது நம் அலுவலகங்களுக்கும் புதிதன்று.) கட்டுமானம் உயர்தரமானது என்று குழு கண்டது. பின்னர் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கிடைத்தது. அரசு ஐயுற்றதை நான் குறைகூற மாட்டேன். ஐயத்தை ஆராய்ந்து தீர்த்துக்கொண்டார்கள் என்பதையே பெரிதாக எண்ணுகிறேன்.

நூறாண்டு கழிந்தபின் போக்குவரத்துக்கு அப்பாலம் போதவில்லை. பழையதை இடித்துவிடாமல், அதன் இருமருங்கிலும் புதிய கான்கிரீட் பாலங்களை அமைத்து 1999-ல் முடித்தனர். விவேகானந்தர் பெயர் பெற்ற அவற்றின் நடுவே பழைய இரும்பு வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

அதே குஜராத்தில், மோர்பி நகரில் மச்சு ஆற்றின்மேல் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொங்குபாலம் பழுதுபார்க்கப்பட்டு, 2022 அக்டோபர் 26-ல் திறக்கப்பட்டது. நான்காம் நாள் அறுந்து வீழ்ந்தது. 135 பேர் மாண்டனர். ஒரு முதன்மை வடத்தின் 49 கம்பிகளுள் 22 முன்னரே துருவேறியிருந்தன என்று சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டது. பழைய தொங்குகம்பிகளோடு புதியவற்றைப் பற்றவைத்திருந்தனர். திறக்குமுன் எடைச் சோதனை நடைபெறவில்லை. ஒரே நேரத்தில் எத்தனைபேர் ஏறலாம் என்ற வரம்பும் இல்லை.

எல்லிஸ் பாலத்தைச் சீரமைக்க, ஏறத்தாழ ரூ. 32 கோடிக்கு 2024-ல் குஜராத் அரசு ஒப்புதல் அளித்தது. இத்தகைய கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, வண்ணப்பூச்சுக்கும் விளக்குகளுக்கும் உரிய மதிப்பீட்டைப் பிறகு பாருங்கள். ஆற்றுநீரில் நிற்கும் தூண்களையும், துருப்பிடித்த இணைப்புகளையும் யார், என்று, எவ்வாறு சோதித்தார் என்னும் அறிக்கையை முதலில் கேளுங்கள். அது கோப்பில் இல்லையெனில் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்புங்கள்.