டபிள்யூசிசி 2ஆ, 3ஆ?

(கடமலைக்குண்டில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கற்றல் விளைவு, மதிப்பீடு என்றெல்லாம் தொடங்கப் போவதில்லை. என் வகுப்பில் நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. இடைவேளை முடிந்து உள்ளே போனால் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவனின் தமிழ் நோட்டு கிழிந்து கிடக்கிறது. என்னடா என்றால், "டபிள்யூசிசி 3தான் பெஸ்ட்டுன்னு சொன்னேன் சார், அதுக்கு அடிக்க வர்றான்" என்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரையும் வெளியே நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மறுநாள் ஒருவன் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' என்பது செல்போனில் ஆடும் கிரிக்கெட் விளையாட்டு. அதன் இரண்டாம் பாகம் 2015இலும் மூன்றாம் பாகம் 2020இலும் வந்தன. முந்தையதில் பேட்டிங் ஆடும் சுகமே வேறு என்று ஒரு கட்சி. புதியதில் ஆட்டக்காரர்களின் அசைவு நிஜம்போல இருக்கிறது, மேத்யூ ஹெய்டன் வர்ணனை இருக்கிறது என்று இன்னொரு கட்சி. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நாட்டிலஸ் மொபைல் நிறுவனம் தயாரித்த 'ரியல் கிரிக்கெட்'டைத் தூக்கிப் பிடிக்கும் மூன்றாவது கட்சியும் உண்டு. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் நாளைக்கே உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், மூன்று கட்சிக்கும் ஆள் இருக்கும்.

இதில் நாம் சிரிக்க என்ன இருக்கிறது? ரஜினியா கமலா என்று கல்லூரி விடுதியில் ஒரு வாரம் பேசாமல் இருந்தவன் நான். ராஜாவா ரகுமானா என்ற கேள்வியைப் பண்ணைப்புரம் இருக்கிற மாவட்டத்தில் கேட்கவே கூடாது.

மூன்றாம் நாள் மாலை அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அம்மா இலவம் பஞ்சு வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், தலையெல்லாம் பஞ்சு. "போன் ஆடி ஆடித்தான் இவன் இப்படி இருக்கான்" என்று நான் தொடங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க வீட்ல ஏது சார் அந்த மாதிரி போனு?" என்றார். பட்டன் போன் ஒன்றுதான் அந்த வீட்டில். மாமா எப்போதாவது வரும்போது அவருடைய பழைய போனில் அரை மணி நேரம் ஆடுவானாம். அதில் இரண்டாம் பாகம் ஓடும். மூன்றாம் பாகத்தை ஏற்ற இடம் கிடையாது.

திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான் ஓடியது. 'மூணுதான் பெஸ்ட்டு' என்று ஒருவன் சொன்னது, 'எங்க வீட்ல புதுப் போன் இருக்கு' என்று இவன் காதில் விழுந்திருக்கிறது. ஆட்டத்தைப் பற்றிய சண்டை என்று நினைத்து நான் வெளியே நிறுத்திவிட்டேன்.

அவன் பள்ளிக்கு வந்த பிறகு ஒரு தமிழ்ப் பாடவேளையை இதற்கு ஒதுக்கினேன். போன் எதுவும் வகுப்புக்குள் வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டிமன்றம் மாதிரிதான், ஆனால் ஒரு விதி மாற்றம். தன் கட்சியைப் பேசுவதற்கு முன் எதிர்க்கட்சியின் காரணத்தைச் சொல்ல வேண்டும். 'ஆமா, நான் சொன்னது அதுதான்' என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகே தன் பேச்சு.

முதல் பத்து நிமிடம் கூச்சல்தான். "கம்பெனிக்காரனுக்கு ஸ்பெல்லிங்கே தெரியாது சார், பிளேயர் பேரெல்லாம் தப்பு" என்றான் ஒருவன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் இல்லை. பின் வரிசையில் ஒரு மாணவி எழுந்து, உண்மையான பெயரைப் போடுவதற்குப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும், அது இல்லாததால் எழுத்தை மாற்றிப் போடுகிறார்கள் என்றாள். அவள் ஆடியதே இல்லை. போன் அண்ணன் கையில்தான் இருக்குமாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே இவ்வளவும் தெரிந்திருக்கிறது. அந்த அண்ணன் கணினியில் ஆடுவது 'கிரிக்கெட் 07'. ஈஏ நிறுவனத்துக்காகக் கனடாவில் இருக்கும் எச்பி ஸ்டூடியோஸ் செய்து 2006இல் வந்தது. ஐபிஎல் தொடங்கியதோ 2008இல். ஆனாலும் அந்த ஆட்டத்தில் ஐபிஎல் அணிகள் உண்டு, ரசிகர்களே செய்து சேர்த்தவை. ஈஏ அதற்குப் பிறகு கணினிக்குக் கிரிக்கெட் விளையாட்டே வெளியிடவில்லை. இதையெல்லாம் அன்றைக்கு அவளிடம்தான் நான் கற்றேன்.

பிறகு மூன்றாம் பாகத்துக்காரன் முறை. எதிர்க்கட்சியின் காரணத்தைச் சொல்ல எழுந்தான். "பேட்டிங் ஈஸின்னு சொல்றாங்க" என்றான். இல்லை என்று தலையாட்டினான் மற்றவன். "பழகிப்போச்சுன்னு சொல்றாங்க." அதற்கும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றான். "பழைய போன்ல மூணு ஓடாது" என்றான். மற்றவன் ஆமா என்று சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டான். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அங்கே நிறுத்திப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.

ஆட்டத்தை வகுப்பில் பேசினால் அதை வளர்த்துவிடுவது போல ஆகாதா என்று தலைமையாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. பணம் கட்டி ஆடும் சூதாட்டங்களை இதோடு சேர்க்கக் கூடாது, அவற்றில் இரண்டு பக்கம் கிடையாது. இந்தச் சண்டை நான் பேசினாலும் பேசாவிட்டாலும் புளியமரத்தடியில் நடக்கத்தான் போகிறது. நடக்கிறபோது நோட்டு கிழியாமல் நடக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. போன வாரம்கூட இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள், கட்சி மாறவில்லை.

டபிள்யூசிசி வெளிநாட்டு ஆட்டம் என்றே வகுப்பில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். அதைச் செய்த நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா சென்னை நிறுவனம் என்றதும், "அப்ப தமிழ்ல லெட்டர் போடலாமா சார்?" என்றான் இரண்டாம் பாகத்துக்காரன். கடிதம் எழுதும் பயிற்சி எப்படியும் பாக்கி இருந்தது. மூன்று கட்சியும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். அடுத்த பாகத்தைப் பழைய போனிலும் ஓடும்படி செய்யுங்கள் என்பதுதான் முதல் கோரிக்கை. அதை எழுதியது மூன்றாம் பாகத்துக்காரனின் கையெழுத்து. சந்திப்பிழைகளை மட்டும் திருத்தினேன். கடிதம் என் பையில் இருக்கிறது, திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும்.