அருள் என்னும் சொல்லும் ஆவூர் கண்ட முனிவரும்



புதுக்கோட்டை மாவட்டத்து வானம் பார்த்த பூமியில் ஆவூர் என்றொரு சிற்றூர் உள்ளது. 1697-இல் வெனான்சியுஸ் பூசே என்னும் இயேசு சபைத் துறவி அங்கே ஒரு கோயில் எழுப்பினார். பின்னர் 1747-இல் தோமாஸ் ஹோமெம் அடிகளார் புதிய ஆலயத்தைக் கட்டினார். அவ்வூரில் இறைப்பணி ஆற்றியவருள் ஒருவர், இத்தாலியில் 1680-இல் பிறந்து 1710-இல் இந்தியா வந்த பெஸ்கி அடிகள். தமிழுலகம் அவரை வீரமாமுனிவர் என்று போற்றுகிறது.

கடவுளின் எல்லையற்ற இரக்கத்தை இம்மண்ணின் மக்களுக்கு எந்தச் சொல்லால் உரைப்பது என்பது அவர்முன் நின்ற வினா. அது சமய வினா மட்டுமன்று. புலவனின் வினாவும் ஆகும். பழைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல்கள் ‘இஷ்டப்பிரசாதம்’ என்றன. சீர்திருத்தச் சபையார் ‘கிருபை’ என்றனர். இரண்டும் பக்தர்களின் நாவில் பழகிக் கனிந்த சொற்களே, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் வள்ளுவர் காலந்தொட்டே ‘அருள்’ என்ற சொல் இங்கே காத்திருந்தது. தேம்பாவணி பாடிய முனிவர் அதனை வேண்டுமளவும் எடுத்தாண்டார். இரு சபையாரும் கூடி உருவாக்கி 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் அச்சொல்லையே கொண்டது.

வள்ளுவர் அன்பிற்கு ஓர் அதிகாரமும் அருளிற்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். தொடர்புடையார் மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எவ்வுயிர் மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் வேறுபாடு கண்டார். அருளை அன்பு பெற்ற குழந்தையாகவும் குறள் காட்டுகிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த முனிவர் இந்நுட்பத்தை அறியாதவராக இருந்திருக்க முடியாது. கடவுளையே அன்பு என்கிறது யோவானின் முதல் திருமுகம். அந்த அன்பு உறவும் தகுதியும் பாராமல் வழியும்போது அதற்குத் தமிழ் முன்னரே பெயரிட்டு வைத்திருந்தது!

தகுதி பாராமை என்பது கேட்பதற்கு இனிது, ஏற்பதற்கு அரிது. திராட்சைத் தோட்ட உவமையில், விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் உரிமையாளர் ஒரே கூலி தருகிறார். வெயிலில் வாடியவன் முணுமுணுக்கிறான். நாற்று நட்டும் களையெடுத்தும் கூலிக்குக் காத்து நிற்கும் நம் ஊர் மக்களுக்கு அந்த முணுமுணுப்பின் நியாயம் நன்கு விளங்கும். இயேசு அந்த நியாயத்தை மறுக்கவில்லை; பேசியபடி உனக்குத் தந்தாயிற்றே என்கிறார் உரிமையாளர். கடைசியாக வந்தவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அன்றோ?

இந்த அருளைப் போதித்தவர்களே அதற்கு வேலி போட்டதும் உண்டு. மதுரை மறைப்பணித் தளத்தில் துறவியர் பிராமண சந்நியாசிகள் என்றும் பண்டார சுவாமிகள் என்றும் இரு பிரிவாக இயங்கினர். சாதியால் பிளவுண்ட ஊரில் நுழைவதற்கு அதுவே வழி என அக்காலத்தார் கருதியிருக்கலாம். எல்லையற்றது என்று வாயால் சொல்லிவிட்டு எல்லை வகுத்த அந்த முரண்பாட்டைப் புகழுரைகளில் மறைத்துவிடுவது முறையாகாது.

அதையும் நெஞ்சில் இருத்திக்கொண்டே தேம்பாவணியைத் திறக்க வேண்டும். 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்திற்குத் தலைவன் வேந்தனோ வீரனோ அல்லன். தச்சுத் தொழிலாளியான சூசை. நற்செய்தி நூல்கள் அவருடைய வாய்ச்சொல் ஒன்றைக்கூடப் பதிவு செய்யவில்லை. பேசாத அந்த மனிதருக்கு வளன் என்று பெயரிட்டுக் காப்பிய அரியணையில் அமர்த்தினார் முனிவர். காப்பியத் தலைவனைத் தேர்ந்த அத்தேர்விலேயே அருளின் இயல்பு இருக்கிறது.

மணம் பேசப்பெற்ற மரியா கருவுற்றிருப்பது அறிந்து சூசை கலங்கும் இடம் நற்செய்தியில் சில அடிகளே. முனிவரோ அந்த ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலமும் நீங்குவதற்கு ஒரு படலமும் ஒதுக்கினார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஊரைக் கூட்டினால் அவளுக்குக் கல்லெறி தண்டனையும் கிடைத்திருக்கக்கூடும். அவரை நேர்மையாளர் என்கிறது மத்தேயு நற்செய்தி. நேர்மையாளர் என்பதால் அவர் சட்டத்தைக் கையில் எடுத்தார் என்று அது எழுதவில்லை. அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாமல் மறைவாக விலக்கிவிட எண்ணினார் என்றே எழுதுகிறது. வானதூதர் கனவில் வந்து உண்மை உரைத்தது அதற்குப் பின்புதான். உண்மை தெரிவதற்கு முன்பே, குற்றமுடையவள் என்று அஞ்சிய நிலையிலேயே, அவர் உள்ளம் இரங்கிவிட்டது.

குழந்தை பிறக்கும் பகுதிக்கு முனிவர் இட்ட பெயர் மகவருள் படலம். அருளுதல் என்றால் தருதல். கவிஞர்கள் இந்தச் சொல்லாட்சியில் சற்று நின்று போகலாம். மகவைத் தருதலும் மகவாகிய அருளும் ஒரே தொடரில் அடங்கிவிட்டன.

கனவு கலைந்து எழுந்த சூசை எவரிடமும் எதுவும் விளக்கவில்லை. மரியாவைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்.