ஈகையும் அறிவும்: பாறு கழுகு தரும் பாடம்

அருகப் பெருமான் திருவடி போற்றி! 

இல்லறத்தார் இயற்ற வேண்டிய தானங்கள் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நான்கு. இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்பதற்குப் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகின் வரலாறு சான்றாகும்.

பாறு, இறந்த விலங்குகளின் உடலை உண்டு ஊரைத் தூய்மை செய்யும் பறவை. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையே 99 விழுக்காட்டிற்கு மேல் அழிந்தன. தொடக்கத்தில் காரணம் விளங்கவில்லை. அதனை ஆராயப் பொருள் வேண்டியிருந்தது.

உயிர்வளம் மிகுந்தும் பொருள்வளம் குறைந்தும் உள்ள நாடுகளுக்கு நல்கை வழங்கவென, 1992ஆம் ஆண்டு ரியோ புவி மாநாட்டில் பிரிட்டன் அரசு டார்வின் நிதித் திட்டத்தை அறிவித்தது. அதன் துணையால் 2001இல் அரியானாவின் பிஞ்சோரில் கழுகுப் பராமரிப்பு மையம் எழுந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் அரியானா வனத்துறையும் அப்பணியில் இணைந்தன. பாகிஸ்தானில் அமெரிக்காவின் பெரெகிரின் நிதியம் ஆய்வு நடத்தியது. 2004இல் உண்மை வெளிப்பட்டது. கால்நடைகளின் வலி தீர்க்கத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தே காரணம். அம்மருந்து உடலில் தங்கியிருக்க இறந்த மாட்டினை உண்ட பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன.

கருணையால் ஈந்த மருந்தே நஞ்சாயிற்று! ஔடதம் இருந்தது, அதற்குத் துணையாக வேண்டிய அறிவு இல்லை. ஆய்வுக்கு ஈந்த பொருள் அவ்வறிவைத் தந்தது. சாத்திர தானம் அபய தானத்திற்கு வழி திறந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. பாறுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்ஸிகாம் மாற்றாகக் கண்டறியப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் ஆகியவையும் விலக்கப்பட்டன.

எனினும், பணி முடிந்துவிடவில்லை. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவது. அதன் இனம் மீளப் பல பத்தாண்டுகள் வேண்டும்; அயல்நாட்டு நல்கையோ சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன்பின் அப்பொறுப்பு இம்மண்ணின் ஈகையாளரையே சாரும். தமிழகத்தில் நீலகிரியின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் சிறு எண்ணிக்கையில் பாறுகள் எஞ்சியுள்ளன.

கோசாலைகளுக்கு வாரி வழங்குவது சமண இல்லங்களின் வழிவழி வழக்கம். அவ்வாறு வழங்குவோர், அங்கு நோயுற்ற பசுவுக்கு எவ்வலி மருந்து தரப்படுகிறது என்பதனையும் கேட்டறிதல் வேண்டும். தடைசெய்யப்பட்டவற்றை நீக்கி மெலாக்ஸிகாம் தருமாறு கால்நடை மருத்துவரிடம் வேண்டுதல் வேண்டும். ஜீவதயைக்கென ஒதுக்கும் பொருளில் ஒரு பங்கினை உயிரின ஆய்வுக்கும் அளித்தல் நன்று.

பசுவுக்குக் காட்டும் அருள் பாறுக்கும் எட்டுமாயின், அதுவே நிறைவான அகிம்சை.

அறம் வளர்க! அனைத்துயிரும் வாழ்க!