தீர்ப்புக்குப் பின் எழுந்த கேள்வி

ஆராயாது தண்டித்த பாண்டியனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் தமிழர்கள். அங்கே சிலம்பை உடைத்து உண்மையைக் காட்டக் கண்ணகி வந்தாள். பரல் தெறித்த கணத்திலேயே அரசன் தன் பிழையை உணர்ந்தான். இக்கால நீதிமன்றங்களிலோ உண்மை அவ்வளவு விரைவாகப் புலப்படுவதில்லை. சாட்சிகளை விசாரித்து, யூரர் ஒருமுகமாகத் தீர்மானித்து, மேன்முறையீடும் தள்ளப்பட்டுவிட்ட ஒரு வழக்கிலே தவறு நேர்ந்திருந்தால் அதை யார் எடுத்துக் காட்டுவது? எவ்வாறு காட்டுவது? இக்கேள்விக்கு விடையாக இங்கிலாந்திலே நடந்த ஒரு வழக்கையும், அதன் கதையை எழுதிய ஒரு பத்திரிகையாளரின் பணியையும் நோக்குவது பயனுடையது.

இலண்டன் மாநகரின் நொட்டிங் ஹில் பகுதியிலே றிலிங்டன் பிளேஸ் என்றொரு முட்டுச் சந்து இருந்தது. அதன் பத்தாம் இலக்க வீட்டின் மேல்மாடியிலே 1948ஆம் ஆண்டு முதல் திமோதி எவன்ஸ் என்னும் இளைஞன் மனைவியுடன் குடியிருந்தான். வேல்ஸ் நாட்டின் சுரங்கப் பகுதியிற் பிறந்தவன். வான் ஓட்டிப் பிழைத்தவன். சிறு வயதிலே காலில் ஏற்பட்ட நோயினாற் பள்ளிப் படிப்பை இழந்தவன். எழுத வாசிக்க அறியான் என்றே சொல்லலாம். பொய்யும் புனைவுமாகப் பேசும் பழக்கமும் அவனிடம் இருந்தது. கீழ் வீட்டிலே வாழ்ந்தவர் ஜோன் கிறிஸ்டி என்பவர். போர்க் காலத்திலே துணைப் பொலிஸ் சேவையிற் கடமையாற்றியவர், அமைதியாகப் பேசுபவர், அயலார் மதிப்பைப் பெற்றவர்.

1949ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் எவன்ஸ் வேல்ஸிலுள்ள மேர்தர் ரிட்வில் பொலிஸ் நிலையத்துக்குத் தானாகவே சென்று, தன் மனைவி இறந்துவிட்டாள் என்றும், உடலை வீட்டு வாயிலிலுள்ள கழிவுநீர்க் குழியில் இட்டதாகவும் கூறினான். இலண்டன் பொலிசார் சென்று பார்த்தார்கள். அக்குழியின் மூடியைத் தூக்குவதற்கே மூவர் வேண்டியிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பின்னர் எவன்ஸ் வேறொரு வரலாற்றைச் சொன்னான். இரண்டாம் முறை கருவுற்றிருந்த தன் மனைவிக்குக் கருக்கலைப்புச் செய்வதாகக் கிறிஸ்டி முன்வந்தார் என்றும், அதிலே அவள் இறந்தாள் என்றும், குழந்தையை வளர்க்க ஒரு தம்பதியரிடம் ஒப்படைப்பதாகக் கிறிஸ்டி வாக்களித்தார் என்றும் அவன் தெரிவித்தான். டிசம்பர் 2ஆம் நாள் வீட்டின் பின்புறத்துச் சலவை அறையிலே தாயின் உடலும், ஒரு வயதே கடந்த பெண் குழந்தையின் உடலும் கண்டெடுக்கப்பட்டன. இருவரும் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்திருந்தார்கள். அன்றிரவே எவன்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று பொலிசார் பதிவு செய்தார்கள்.

1950ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் தொடங்கிய விசாரணை மூன்று நாள்களில் முடிந்தது. குழந்தையைக் கொன்றான் என்ற குற்றச்சாட்டின் மீதே வழக்கு நடந்தது. எவன்ஸ் தன் ஒப்புதலை மறுத்து, கொன்றவர் கிறிஸ்டியே என்று கூறினான். ஆனால் அரச தரப்பின் முதன்மைச் சாட்சி அதே கிறிஸ்டிதான். அவர் முன்னர் களவுக்கும் அடிதடிக்கும் தண்டனை பெற்றவர் என்பது வெளிவந்தபோதிலும், அது பழைய காலம் என்றும், பிற்காலத்திலே பொலிசிற் கடமையாற்றியவர் என்றும் அவருக்குப் பரிந்து பேசப்பட்டது. யூரர் நாற்பது நிமிடத்தில் முடிவுக்கு வந்தனர். மார்ச் 9ஆம் நாள் பென்ரன்வில் சிறையிலே எவன்ஸ் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கு வயது 25.

மூன்று ஆண்டுகள் சென்றன. 1953ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கிறிஸ்டி வீட்டை விட்டு நீங்கினார். அடுத்துக் கீழ் வீட்டுச் சமையலறையைப் பயன்படுத்த வந்த ஒருவர் சுவரிலே ஒட்டிய கடதாசியைக் கிழித்தபோது, அதன் பின்னாலிருந்த மாடத்திலே மூன்று பெண்களின் சடலங்கள் காணப்பட்டன. தரைப் பலகையின் கீழே கிறிஸ்டியின் மனைவி கிடந்தாள். தோட்டத்து மண்ணிலே, 1943ஆம், 1944ஆம் ஆண்டுகளிற் கொல்லப்பட்ட இரு பெண்களின் எலும்புகள் இருந்தன. அவற்றுள் ஒரு தொடை எலும்பு தோட்டத்து வேலிக்கு முட்டுக்கொடுத்து நின்றது. 1949ஆம் ஆண்டிலே பொலிசார் அந்த வீட்டைச் சோதித்த காலத்திலும் அந்த எலும்புகள் அங்கேதான் இருந்தன. கிறிஸ்டி தன் விசாரணையின்போது எவன்ஸின் மனைவியைக் கொன்றதும் தானே என்று ஒப்புக்கொண்டார். குழந்தையைக் கொன்றதாக ஒப்பவில்லை.

எவன்ஸ் சொன்னது பொய்யன்று என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்போர் வியப்பர். ஆயினும் நடந்தது வேறு. அரசாங்கம் ஸ்கொட் ஹென்டர்சன் என்ற வழக்குரைஞரை விசாரிக்கப் பணித்தது. தனிமையிலே சில நாள்களுள் நடந்து முடிந்த அந்த விசாரணை, எவன்ஸ் இரு கொலைகளுக்கும் பொறுப்பாளியே என்று அறிவித்தது. 1953ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் கிறிஸ்டியும் தூக்கிலிடப்பட்டார். சட்டத்தின் பார்வையில் விடயம் முடிந்தது.

விடயம் முடியாமற் காத்தவர்கள் எழுதுவோரே. மைக்கல் எடோஸ் என்னும் சட்ட அறிஞர் 1955ஆம் ஆண்டிலே ஒரு நூல் எழுதினார். பத்திரிகை ஆசிரியர்கள் சிலரும் குரல் கொடுத்தார்கள். எனினும் பொதுமக்கள் உள்ளத்தை அசைத்தது, 1961ஆம் ஆண்டிலே லுடோவிக் கென்னடி வெளியிட்ட நூலாகும். கடற்படையிற் போர் புரிந்து, பின்னர் தொலைக்காட்சிச் செய்தியாளராகப் புகழ் பெற்ற இவர், தம் நூலுக்கு அந்த வீட்டின் முகவரியையே பெயராக இட்டார்.

கென்னடி மேற்கொண்ட முறையே இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. அவர் நீதிபதியைத் தூற்றி எழுதப் புகவில்லை. வழக்கு ஏடுகளையும், வாக்குமூலங்களையும், அரச அறிக்கையையும் எடுத்து, நடந்தவற்றை நாள் வரிசையில் அடுக்கினார். நீதிமன்றத்திலே சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து, அவரவர் அறிந்ததை மட்டும் சொல்லிச் செல்வார்கள். திங்கட்கிழமை நடந்ததை மூன்றாம் சாட்சியும், செவ்வாய்க்கிழமை நடந்ததை முதற் சாட்சியும் சொல்லக்கூடும். கேட்கப்படாத கேள்விக்கு விடையும் வராது. கதை எழுதுபவன் அவற்றை நாள் தோறும், மணி தோறும் வரிசைப்படுத்தும்போதுதான் பொருந்தாதவை தாமே வெளிப்படுகின்றன.

அப்படி வெளிப்பட்டவற்றுள் ஒன்று சலவை அறை. எவன்ஸின் ஒப்புதல் வாக்குமூலப்படி, மனைவியின் உடலை நவம்பர் 8ஆம் நாள் இரவும், குழந்தையின் உடலை 10ஆம் நாளும் அவன் அங்கே வைத்தான். ஆனால் அந்நாள்களிலே அந்த வீட்டில் திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் தங்கள் கருவிகளை அச்சலவை அறையிலேயே வைத்து, 11ஆம் நாள் வெள்ளிக்கிழமை வரை அதனுட் போய் வந்தார்கள். அங்கே எதையும் காணவில்லை என்றே அவர்கள் முதலிற் கூறினார்கள். பின்னர் பொலிசார் அவர்களை மீண்டும் விசாரித்து, அந்த உறுதியைத் தளர்த்தினார்கள். யூரர் முன்னிலையிலே அவர்கள் சாட்சியாக அழைக்கப்படவே இல்லை. மூன்று நாள் நடந்த வழக்கிலே, அந்த அறைக்குள் நாள்தோறும் புகுந்த மனிதரின் சொல் கேட்கப்படவில்லை.

இரண்டாவது, வாக்குமூலத்தின் சொற்கள். எழுத்தறியாத ஒரு வான் ஓட்டியின் வாயிலே, கந்தோர்க் கடிதத்துக்கு உரிய சொற்றொடர்கள் எப்படி வந்தன என்று கென்னடி வினாவினார். உடல்கள் எங்கே கிடந்தன, எவ்வாறு இறந்தார்கள் என்பவை அவனுக்கு முன்னரே சொல்லப்பட்டன. குழந்தையின் கழுத்திலே இருந்த பட்டியும் காட்டப்பட்டது. தன் குழந்தையும் இறந்துவிட்டது என்பதை அவன் அப்போதுதான் அறிந்தான் என்றால், அந்த நிலையில் அவன் எதற்குத்தான் ஒப்பமிட்டிருக்க மாட்டான்? பொலிசார் அடிப்பார்கள் என்ற அச்சமும் இருந்ததாக அவனே நீதிமன்றத்திற் கூறினான்.

மூன்றாவது, எளிய உலக அறிவுக்கு உரிய வினா. ஒரே சிறிய வீட்டிலே, ஒரே முறையிற் பெண்களைக் கழுத்து நெரித்துக் கொன்று, அவ்வீட்டிலேயே உடல்களை மறைக்கும் கொலைகாரர் இருவர், ஒருவரை ஒருவர் அறியாது வாழ்ந்தார்கள் என்று நம்ப வேண்டும். அவர்களுள் ஒருவன் மற்றவன்மீது சும்மா பழி சுமத்தினான் என்றும், அப்படிச் சுமத்தப்பட்டவனே தற்செயலாக உண்மைக் கொலைகாரனாக இருந்தான் என்றும் நம்ப வேண்டும். இவ்வளவையும் நம்பினாலன்றித் தீர்ப்பு நிலைக்காது.

இலங்கை நேயர்களுக்கு இதிலே மற்றொரு சிந்தனையும் உண்டு. இந்நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக நிரூபிக்க இடமளிப்பதில்லை. இது பொது விதி. பிற்காலத்துச் சட்டங்கள் சில இதற்கு விலக்கு அமைத்தன. இங்கிலாந்திலே அவ்வித விதி இருக்கவில்லை. குற்றவாளி தப்புவதற்கு வழி என்று இவ்விதியைக் குறைகூறுவோர் எவன்ஸின் வரலாற்றைப் படித்துப் பார்த்தல் நன்று.

நூல் வெளிவந்த பின்னரும் பலன் உடனே கிட்டவில்லை. 1961ஆம் ஆண்டிலே எதிர்க்கட்சியில் இருந்தபோது மறுவிசாரணை வேண்டும் என்று வாதாடிய சேர் பிராங்க் சொஸ்கிஸ், தாமே உள்நாட்டமைச்சரானதும் முதலில் மறுத்தார். டார்லிங்ரன் நகரத்துப் பத்திரிகையொன்றின் ஆசிரியரான ஹரல்ட் எவன்ஸ் இடைவிடாது எழுதினார். இவர் தூக்கிலிடப்பட்டவனுக்கு உறவினர் அல்லர். பெயர் ஒற்றுமை மட்டுமே. 1965ஆம் ஆண்டு அரசு இணங்கியது. நீதியரசர் பிரபின் விசாரித்து, 1966ஆம் ஆண்டிலே விந்தையான முடிவொன்றைத் தந்தார்: எவன்ஸ் மனைவியைக் கொன்றிருக்கக்கூடும், குழந்தையைக் கொன்றிருக்க மாட்டான். அவன் தூக்கிலிடப்பட்டதோ குழந்தையைக் கொன்றதாகவே. எனவே அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே அரசியாரின் மன்னிப்பு வழங்கப்பட்டது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! 2004ஆம் ஆண்டிலேதான், எவன்ஸ் இரு கொலைகளுள் எதையும் செய்தவனல்லன் என்பதை இலண்டன் உயர் நீதிமன்றம் ஏற்றுக் கூறியது. அப்போதும் தீர்ப்பைச் சட்டப்படி நீக்கும் பணி மேற்கொள்ளப்படவில்லை.

எவன்ஸின் தூக்குக்கு இணங்கிய உள்நாட்டமைச்சர் சூட்டர் ஈட், பின்னாளிலே பாராளுமன்றத்தில் எழுந்து, அந்த வழக்கிலே தவறு நேர்ந்தது எனத் தாம் கருதுவதாக ஒப்புக்கொண்டு மரண தண்டனைக்கு எதிராகப் பேசினார். 1965ஆம் ஆண்டிலே கொலைக்கு மரண தண்டனை பிரித்தானியாவிலே நிறுத்தி வைக்கப்பட்டு, 1969ஆம் ஆண்டிலே நிலையாக நீக்கப்பட்டது. எவன்ஸின் பெயர் அந்த விவாதங்களிலே மீண்டும் மீண்டும் ஒலித்தது.

தவறான தீர்ப்பின் கதையை எழுதப் புகும் பத்திரிகையாளனுக்கு இவ்வரலாறு வழிகாட்டுகிறது. குற்றம் சாட்டப்பட்டவனை நல்லவனாக வரைய வேண்டியதில்லை. எவன்ஸ் பொய் பேசியவன், மனைவியோடு சண்டையிட்டவன். கென்னடி அதை மறைக்கவில்லை. பொய் சொன்னவன் எல்லாம் கொலை செய்தவன் அல்லன் என்பதே அவர் கூற்று. உரத்த குரலும் வேண்டியதில்லை. நாளையும் இடத்தையும் சொல்லையும் பொறுமையோடு ஒப்புநோக்கி, எவருடைய சாட்சி கேட்கப்படவில்லை என்று தேடுதலே அவன் தொழில். அதைச் செய்யும் ஒருவன் நீதிமன்றத்துக்குப் பகைவனாகான். தன் பிழையை அறிய மறுக்கும் நீதிமன்றம் மக்களின் நம்பிக்கையை இழக்கும். அந்த நம்பிக்கையைக் காப்பவன் அவனே.

கென்னடியின் நூல் எவன்ஸுக்கு உயிர் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. சிறை வளவிலே புதைக்கப்பட்டிருந்த அவனது உடலை 1965ஆம் ஆண்டிலே தோண்டியெடுத்து, கத்தோலிக்கச் சேமக்காலை ஒன்றிலே அடக்கம் செய்ய மட்டுமே இயன்றது. ஒருவன் உயிரோடு சிறையிலிருந்தால், காலம் கடந்து வரும் உண்மைக்கும் ஓரளவு பயன் உண்டு. அந்த வழியை அடைத்துவிடும் தண்டனை எதுவாயினும், அதை விதிக்குமுன் மனிதர் தம் அறிவின் எல்லையை ஒரு முறை எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.