எந்தப் பாதியில் குரலை ஊன்றுவது?

இரு சொற்கள் கூடிப் பிறக்கும் ஆங்கிலக் கூட்டுச் சொற்களை அசை பிரிப்பதில் அதிக சிரமமில்லை. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்று கொண்டு, சொற்கள் பொருந்திய மூட்டிலே முதலில் பிரித்துவிட்டால் பெரும்பகுதி காரியம் முடிந்தது. 'டீபாட்' இரண்டு அசை, 'நியூஸ்பேப்பர்' மூன்று. 'கப்', 'போர்டு' இரண்டும் கூடிய 'கபர்ட்' போல, பழகிப் பழகி மூட்டே தேய்ந்துபோன சொற்களும் சில உண்டு. அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

எனக்குப் பிரியமான விஷயம் அழுத்தம். முன்பாதியில் குரலை ஊன்றி 'கிரீன்ஹவுஸ்' என்றால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். பின்பாதியில் ஊன்றினாலோ பச்சை வர்ணம் பூசிய ஏதோ ஒரு வீடு. அழுத்தத்தால் அர்த்தம் மாறும் வழக்கம் தமிழில் இல்லாமையால் நம் செவி இதனை எளிதில் கவனிப்பதில்லை. என் மாணாக்கர் ஒருவர், கல்லூரிக்கு வந்திருந்த ஆங்கிலேயர் ஒருவரிடம் என்னை 'இங்கிலீஷ் டீச்சர்' என்று அறிமுகம் செய்கையில், 'டீச்சர்' என்பதை ஓங்கி அழுத்திவிட்டார். முதற்சொல்லில் ஊன்றினால் ஆங்கிலம் கற்பிப்பவர் என்றும், இரண்டாவதில் ஊன்றினால் இங்கிலாந்து தேசத்தவரான ஆசிரியர் என்றும் பொருளாகையால், அந்த ஆங்கிலேயர் என் கரிய முகத்தையும் பஞ்சகச்சத்தையும் ஏற இறங்கப் பார்த்துப் புன்னகை புரிந்தார்!

இவ்வளவுக்கும் ஒரே விதி உண்டென்று எண்ணிவிடாதீர்கள். லண்டனில் மார்பிள் ஆர்ச் என்னும் வளைவின் அருகே ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட்டும் எட்ஜ்வேர் ரோடும் சந்திக்கின்றன. முன்னதில் அழுத்தம் 'ஆக்ஸ்போர்டு' மேல். பின்னதில் 'ரோடு' மேல். ஸ்ட்ரீட் என்று முடியும் பெயர்களெல்லாம் முதற்பகுதியிலும், ரோடு, ஸ்கொயர், அவென்யூ என்று முடிபவை கடைசிப் பகுதியிலும் குரல் ஏறுவன. பலகாரங்களிலும் இதே பேதம்: 'ஆப்பிள் கேக்' என்பதில் ஆப்பிள் ஓங்கும், 'ஆப்பிள் பை' என்பதில் பை ஓங்கும். காரணம் கேட்டால், ஆங்கிலேயரும் வழக்கம் என்றுதான் சொல்வர்.

நேரம் நெருங்கிவிட்டது. மூட்டில் பிரியுங்கள், அழுத்தம் முன்பாதியில் இருக்குமென்று முதலில் எண்ணுங்கள், நிச்சயமில்லாதபோது, டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியைப் புரட்டுங்கள். அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே ஒரு சிறு கோடு நிற்கும். நாளைக் காலை ஆங்கிலப் பத்திரிகையை வாய்விட்டு வாசிக்கும்போது, அந்தக் கோடு எங்கே விழுமென்று ஒரு பத்தியிலாவது பரீட்சித்துப் பாருங்கள்.