சூதும் மாறுவேடமும்

பேச்சே இல்லாமல் சினிமா ஓடிய காலம் ஒன்று உண்டு. திரையில் வாய் மட்டும் அசையும். சொன்னது என்னவென்று நடுநடுவே எழுத்தில் காட்டுவார்கள். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர்தாம் படித்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் படங்கள் இரண்டின் கதையை அண்மையில், செபராங் பிறையிலுள்ள எங்கள் தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

முதலாவது ‘கீசக வதம்’. 1916க்கும் 1918க்கும் இடையில், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்தது. தென்னாட்டின் முதல் கதைப்படம் இதுவே. இன்று ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. ஆனால் கதை நம் பாட்டிமார் அறிந்ததுதான். சூதில் நாடிழந்த பாண்டவர் விராட நாட்டில் மறைந்து வாழ்கிறார்கள். அரசியின் பணிப்பெண்ணாக இருக்கும் திரௌபதியைக் கீசகன் தொல்லைப்படுத்துகிறான். இரவில் அவளைத் தேடி வந்தவனை, அவள் இடத்தில் காத்திருந்த பீமன் கொல்கிறான்.

மற்றது 1929இல் வந்த ‘பிரபஞ்ச பாஷ்’. ஹிமான்சு ராய் தயாரிக்க, ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டன் இயக்கினார். வில்லன் சோஹத்தாக நடித்தவரும் ராய்தான். இந்தப் படம் தப்பிப் பிழைத்தது; இன்றும் பார்க்கலாம். சூதை வெறுத்துக் காட்டில் ஒதுங்கிய முனிவரின் மகள் சுனிதா. அவள் விரும்புவது சூதாடியான அரசன் ரஞ்சித்தை. அவளை அடைய நினைக்கும் சோஹத், கள்ளக் காய் உருட்டி ரஞ்சித்தின் நாட்டைப் பறித்து அவனை அடிமையாக்குகிறான்.

இரண்டிலும் ஏமாற்று இருக்கிறது. மனைவியைக் காக்கப் பீமன் ஏமாற்றினான். பிறன் மணப்பெண்ணைப் பறிக்கச் சோஹத் ஏமாற்றினான். இந்த வேறுபாடு பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது. ரஞ்சித்துக்காகத்தான் மிகவும் பரிதாபப்பட்டார்கள். எனக்கு அவ்வளவு பரிதாபம் வரவில்லை. காய் கள்ளக் காய்தான். ஆனால் நாட்டைப் பணயம் வைத்தது அவன் கைதானே? முனிவர் பயந்ததும் அதற்குத்தான்.

பிறகு பாரதத்தில் வரும் ஓர் இடத்தைச் சொன்னேன். சபையில் எல்லாரும் பார்க்கக் கீசகன் திரௌபதியை உதைக்கிறான். மாறுவேடத்தில் தருமரும் அங்கே இருக்கிறார், கீசகனைத் தடுக்கவில்லை. அடையாளம் தெரிந்தால் குடும்பமே மறுபடி பன்னிரண்டு வருடம் காட்டுக்குப் போக வேண்டும். அன்றிரவு அவள் சமையற்கட்டுக்குப் போய் எழுப்பியது பீமனை, தருமரை அல்ல.

ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “போனால் என்ன டீச்சர்? காட்டில்தானே இருந்தார்கள்?”

குடும்ப மானம் என்று வாய் மூடியிருக்கும் அக்காமார் நம் லயங்களிலும் உண்டு. அவர்களை நினைத்துக்கொண்டு நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். அந்தக் கேள்வியை இன்றிரவு உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.